வாப்பா இன்னும் கேன்டீன் பார்க்கவில்லை

பல்கலைக்கழக விசாரணை மேசையில் உட்காருகிறவர் பாடத்திட்டத்தை மறந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். கேன்டீனில் எப்போது வடை போடுவார்கள் என்பதை மறந்தால் தொலைந்தார்.

கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று, "பந்தி எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் கைகாட்டி ஓய்ந்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நீங்களெல்லாம் என் இனம். காரைக்காலில் எங்கள் வளாகத்துக்குச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், போர்டிகோவில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அப்புறம் நான். படிப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று நம்பி முதல் வருடம் எல்லாப் பாடங்களையும் உருப்போட்டு வைத்தேன். அவை இன்னும் எனக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன.

போனில் வந்தவர்

திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஷமீமா வந்தாள். எம்.காம். சேர வேண்டும். மார்க் இருக்கிறது, இடமும் கிடைத்துவிட்டது. பாக்கி ஒன்றுதான். வளைகுடாவில் ஒரு கடையின் கிடங்கில் வேலை பார்க்கும் அவள் வாப்பா சரியென்று சொல்ல வேண்டும். "பாக்காம சொல்ல மாட்டாங்களாம் மேடம்" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

முதலில் வகுப்பறை பார்த்தார். நியாயம். பிறகு நூலகம். அதுவும் நியாயம். மூன்றாவதாக விடுதியைக் காட்டச் சொன்னார். "அண்ணே, பொண்ணு பட்டினத்துலேர்ந்து தினம் பஸ்ல வந்துட்டுப் போவப்போவுது. விடுதி எதுக்கு?" என்றேன். பெண்கள் விடுதிக்குள் போனோடு போக அனுமதியும் கிடையாது என்று சொன்னேன். மனிதர் டீயைக் கீழே வைத்தார். "பரவால்ல தங்கச்சி, பசங்க தங்குற விடுதி இருந்தா அதையாச்சும் காட்டுங்க."

வாய்க்கால்

குரும்பகரத்திலிருந்து ஒரு விவசாயி மகனோடு வந்தார். மகன் வைஃபை வேகம், கிரிக்கெட் மைதானம், லீவு என்று வரிசையாகக் கேட்டான். அப்பா எழுந்துபோய் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேட்டியில் புல்லோடு திரும்பினார். "ஐப்பசி மழைக்கு இங்க தண்ணி எந்தப் பக்கம் வடியும்?" என்றார்.

மழை வந்தால் லீவு விடுவார்கள் என்பதுவரைதான் எனக்குத் தெரியும். "அதையெல்லாம் பாக்க ஆள் இருக்காங்க" என்று மழுப்பினேன். மகன் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்பா பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "பையனுக்குப் பாடத்த நீங்க பாத்துக்குங்க மேடம், வாய்க்கால நான் வந்து பாத்துக்கறேன்."

வெளி மாநிலம்

மாங்கனித் திருவிழாவுக்கு நாகூரிலிருந்து வந்த கணவன் மனைவி, வந்ததோடு வந்ததாக மகனுக்கு இடம் விசாரிக்க என் மேசைக்கும் வந்தார்கள். நாகூர் எங்கே இருக்கிறது? பட்டினத்தைத் தாண்டி, வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். ஆனால் அது தமிழ்நாடு, நாங்கள் புதுச்சேரி. எனவே அவர்கள் மகன் வெளி மாநிலம். அவர்களுக்கு முன்னால் நின்ற ஏனாம் பையன் ஆந்திராவுக்குள்ளிருந்து ரயிலேறி வந்தவன், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் ஏனாமும் புதுச்சேரிதான், எனவே அவன் உள்ளூர். இதை நான் தினமும் விளக்குகிறேன், தினமும் எனக்கே சிரிப்பு வருகிறது.

அந்த அம்மாளுக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் இந்தக் காரைக்கால் போலகத்துல பொறந்து வளந்தவ. எம்புள்ள எப்புடி வெளி மாநிலமாவான்?" என்று மேசையைத் தட்டினார். மாம்பழப் பையோடு நின்ற கணவர், மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இத்தன வருஷமா நான் வெளி மாநிலத்துக்காரிகிட்டயா திட்டு வாங்கிக்கிட்டிருந்தேன்?"

கடைசி நாள்

இதற்கிடையில் ஷமீமாவின் வாப்பா தினமும் தன் டீ நேரத்துக்கு எங்கள் வளாகத்துக்கு வந்துகொண்டிருந்தார். சைக்கிள் நிறுத்தம் பார்த்தார். கலையரங்கத்தில் மேடையேறிப் பார்த்தார். கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரிகிறதா என்று போனை அங்கே வைக்கச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு நாளும் முடிவில் சொல்வது ஒன்றுதான்: "பாத்துட்டு சொல்றேன்மா." ஷமீமாவின் முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே போனது. எனக்கும் சோறு இறங்கவில்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைதான், இருந்தாலும் அவள் கேட்டது படிப்பைத்தானே.

பணம் கட்டக் கடைசி நாளும் வந்தது. அன்றும் வாப்பா, "கேன்டீன் இன்னும் பாக்கலியே" என்றார். ஷமீமா போனை மேசையில் கவிழ்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனை எடுத்தேன். "அண்ணே, பொண்ணு அழுவுது. சாயங்காலத்தோட முடிஞ்சிடும். சேக்கப் போறீங்களா, இல்லியா?"

பெட்டிகளுக்கு நடுவே அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார். "அழுவுறாளா? காலையிலயே பணத்தக் கட்டிட்டேனே தங்கச்சி. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "பத்தாவது முடிச்ச கையோட வெளிநாட்டுக்குக் கெளம்பினவன் நான். சரின்னு சொல்லிட்டா, அப்புறம் எனக்கு யாரு காலேஜ சுத்திக் காட்டுவா?"

கேன்டீன்

ஷமீமா அழுதுகொண்டே சிரித்தாள். போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினாள். வடை எண்ணெயில் பொரிவதை வாப்பா முழுதாகப் பார்த்தாராம். வகுப்பு தொடங்கிய நாளன்று லீவு வாங்கி ஆளே நேரில் வந்துவிட்டார். மகள் பின்னால் வர, அவர் முன்னால் நடந்து இடம் இடமாகக் காட்டிக்கொண்டு போனார். கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். ஷமீமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்து என் மேசையருகே நின்றவரிடம், புதிதாக வந்த ஒரு பெற்றோர் நூலகத்துக்கு வழி கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். "நேராப் போயி வலது கைப் பக்கம், ஆனா மொதல்ல கேன்டீன் போயிட்டு வாங்க, வடை ஆறிடும்."

பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்படுகிறவர் யாரென்று விண்ணப்பத்தில் இருக்கும் பெயரைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள், அடுத்த சேர்க்கைக் காலத்தில் என் நாற்காலியில் வந்து உட்காரலாம், மின்விசிறி இலவசம்.