கொடிக்கு வைத்த நீறு

கம்பம்மெட்டிலிருந்து கிழக்கே இறங்கும் சரிவில், ஓலைக்கூரை வேதக்கோவிலை ஒட்டி முப்பத்தாறு திராட்சைக் கொடிகள் பந்தலில் படர்ந்திருந்தன. அந்தக் கோவிலையும் சேர்த்து நாலு பங்குக் கோவில்களுக்கும் பூசைக்கான திராட்சை ரசம் அங்கிருந்துதான் போயிற்று. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் பங்குச்சாமியார் ஒரு வார்த்தை சொன்னார். "இந்தத் தடவையும் காய்க்கலைன்னா பிடுங்கிருவோம், செபமாலை. ரசத்த வெளியூர்லருந்து தருவிச்சுக்கிறலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் செபமாலையம்மாளுக்குப் பயம் அதிகமாயிற்று.

அவள் பதினாறு வயதில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்குக் களை பறிக்க வந்தவள். மழைக்காலம் முழுக்க முழங்கால்வரை அட்டை கடித்த தழும்பு. கல்யாணம் ஆனபின் புருஷனோடு இந்தச் சரிவுக்கு வந்தாள். கொடிகளை நட்டுப் பந்தலுக்குக் கல்லூன்றியவன் அவன். மலைக்காய்ச்சலில் அவன் போனபின் கொடிகளும் பந்தல் ஓரத்துக் குடிசையும் அவள் பொறுப்பாயின. குடிசை கோவிலுடையது. கொடி இல்லையென்றால் குடிசையில் அவளுக்கு என்ன வேலை? நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் அட்டைக்குக் காலைக் கொடுக்கத்தான் போகவேண்டும்.

கெடுத்தது ஒரு சின்ன வண்டு. செம்புப் பாத்திரத்தின் நிறம், உளுந்தளவு உடம்பு. கொடியை நறுக்கிவிடும் கவாத்து முடிந்து பத்தாம் நாள் கணுக்களில் மொட்டு உப்பும். அந்த மொட்டைத்தான் அது குடையும். குடைந்த மொட்டு துளிர்க்காது, துளிர்க்காத கணுவில் குலை ஏது? விரல் பட்டதும் செத்ததுபோலக் கீழே விழுந்து, ஆள் நகர்ந்ததும் எழுந்து போய்விடும். விடியற்காலையில் சீமெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டை அடியில் ஏந்திக் கொடியை உலுக்குவாள். நூறு விழும். மறுநாள் அதே கொடியில் இன்னொரு நூறு இருக்கும்.

மேட்டுக்கு மேலே புதிதாகக் காடு திருத்தி வந்திருந்த மலையாளத்துக் குடும்பத்தில் ஏலிக்குட்டி என்றொருத்தி இருந்தாள். தண்ணீர் எடுக்கும் ஓடையில் பழக்கம். அவள் பேச்சில் பாதி செபமாலைக்குப் புரியும். மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வாள். வண்டின் கதையைக் கேட்ட ஏலிக்குட்டி கையை உதறினாள்.

"நீறு மதி சேடத்தி. வேறொந்நும் வேண்டா."

நீறு போதும் அக்கா, வேறொன்றும் வேண்டாம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? செபமாலையம்மாள் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் துணியில் முடிந்து, மூன்று நாளில் முப்பத்தாறு கொடிகளுக்கும் தட்டி முடித்தாள். பந்தல் முழுக்க வெளுத்துப்போயிற்று.

நாலாம் நாள் கோவில் மணியடிக்க வந்த உபதேசியார் சூசையப்பன் பந்தலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏந்தாயி, என்ன வேல பாத்துவெச்சிருக்க? கொடிக்கெல்லாம் திருநீறு பூசிவிட்டுருக்க? பூசை ரசத்தையே மதம் மாத்திட்டியே!"

"மலையாளத்தா சொன்னா உபதேசியாரே. வண்டு போயிருமாம்."

"வண்டு போகுதோ என்னமோ, பழனிக்குக் காவடி தூக்காம இருந்தாச் சரி."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பனியில் நனைந்த சாம்பல் மொட்டுகளின்மேல் பசையாக இறுகியிருந்தது. சுரண்டிப் பார்த்தாள். உள்ளே வண்டு நிம்மதியாகக் குடைந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் கப்பக்கிழங்கு கொண்டுவந்த ஏலிக்குட்டி பந்தலுக்குள் நுழைந்தாள். ஒரு இலையைத் தடவி விரலைப் பார்த்தாள்.

"இதெந்தா? சாரமோ?" சாம்பலா என்று கேட்கிறாள்.

"நீதான நீறு வெக்கச் சொன்ன?"

ஏலிக்குட்டிக்கு விஷயம் விளங்கிற்று. தலையில் கைவைத்து, சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து செபமாலையின் கையைப் பிடித்து மேற்கோரத்துப் பலாமரத்தடிக்கு இழுத்துப்போனாள். தாழ்ந்த கிளையில் இலைகளைச் சேர்த்துத் தைத்ததுபோல் ஒரு கூடு. அதை ஒரு குச்சியால் தட்டினாள். சிவப்பெறும்புகள் கொட்டின, ஒன்று செபமாலையின் கழுத்தில் கடித்து வைத்தது.

"இதா நீறு!"

"அய்யோ, இது முசுறுல்ல!" என்று கழுத்தைத் தேய்த்தாள் செபமாலை. "பாவி மகளே, சாம்பலுன்னுல்ல நெனச்சேன்! எறும்புன்னு சொல்லக்கூடாது?"

"ஞான் பறஞ்ஞல்லோ, நீறெந்நு!"

கழுத்து எரிந்தாலும் அவள் கண் எறும்புகளை விடவில்லை. ஒரு கம்பளிப்புழுவை நாலு எறும்புகள் நாலு பக்கம் பிடித்திழுத்துக்கொண்டு கூட்டுக்கு ஏறின.

மறுநாளே பலாமரத்திலிருந்து பந்தலுக்குக் கயிறு கட்டினாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் கயிற்றின்மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடிற்று; திரும்பிய எறும்புகளின் வாயில் செம்பு நிற வண்டுகள் இருந்தன. ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து சாம்பலைக் கழுவிவிட்டாள். தப்பிய மொட்டுகள் துளிர்த்தன. ஆனால் மேற்கோரத்துப் பன்னிரண்டு கொடிகளில் மட்டும்தான். அதற்கப்பால் எறும்புகள் போகவில்லை. வேறொரு மரத்துக் கூட்டைச் சாக்கில் கொண்டுவந்து கிழக்கே தொங்கவிட்டாள். இரண்டு கூட்டமும் சந்தித்த இடத்தில் ஒன்றையொன்று கடித்து, பந்தலுக்கடியில் செத்த எறும்பு குப்பையாகக் கிடந்தது. அந்த ஆசையை அத்தோடு விட்டாள்.

இன்னொன்றையும் அவளே கண்டுபிடித்தாள். குலை பிஞ்சு பிடித்ததும் காம்பில் வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தது. எறும்பு அதைத் தின்னவில்லை. அதன் தித்திப்பை நக்கிக்கொண்டு, கிட்டே வந்த கையைக் கடித்துக் காவல் காத்தது. அவளுக்கு வியப்பாயிருந்தது. துளிருக்குக் காவல் நின்றதே குலையைக் கெடுக்கப் பார்க்கிறது. கெட்டதும் நல்லதும் எறும்பிடம் இல்லை, காலத்தில்தான் இருக்கிறது என்று ஓடைக்கரையில் ஏலிக்குட்டியிடம் சொல்லிப் பார்த்தாள், அவளுக்கு விளங்கவில்லை. கயிற்றை அவிழ்த்தாள். எறும்புகள் பந்தலில் கட்டியிருந்த கூடுகளைச் சாக்கில் உதிர்த்துப் பலாமரத்துக்கே திருப்பினாள். பூச்சியைத் துணியால் துடைத்தெடுத்தாள்.

குலைகள் கறுத்த வாரம் சாமியார் பார்க்க வந்தார். மிச்சமிருந்த எறும்பு ஒன்று அங்கிக்குள் ஏற, அவர் குதித்த குதியை உபதேசியார் பார்க்காதவர்போல் திரும்பிக்கொண்டார்.

"மேக்குப் பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்றார் சாமியார், தொடையைத் தேய்த்தபடி. "மிச்சம் இருபத்துநாலும் மொட்டையா நிக்குதே. நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

செபமாலையம்மாள் இதற்குப் பதிலை நாற்பது நாளாக மனசுக்குள் புரட்டி வைத்திருந்தாள்.

"சாமி, ஒரு பூசைக்கு எம்புட்டு ரசம் ஊத்துவீக?"

"ஒரு கரண்டி. ஏன்?"

"அப்ப நம்ம கோவிலுக்கும் கீழப் பங்குக்கும் பன்னெண்டு கொடி போதும். மத்த ரெண்டு பங்குக்கும் வெளியூர்லருந்து வரட்டும். அந்த இருபத்துநாலயும் நானே பிடுங்கிர்றேன். அதுகளோட பட்டையிலதான் வண்டு முட்டை போடுது. அத வெச்சுக்கிட்டே இருந்தா இந்தப் பன்னெண்டும் நெலைக்காது."

"நீயேவா? ஒம் புருசன் நட்டதுல்ல?"

"நட்டது அவுகதான் சாமி. இருந்தா அவுகளே பிடுங்கியிருப்பாக."

சாமியார் மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். "சரி, பன்னெண்டு இருக்கட்டும்" என்றார்.

அறுப்பு முடிந்த மறுநாள் காலை அவள் மண்வெட்டியோடு கிழக்கு வரிசைக்குப் போனாள். எல்லாவற்றிலும் தடித்த கொடியில்தான் தொடங்கினாள்; அதில்தான் பட்டை வெடிப்பு அதிகம். அவள் கை பட்டதும் வண்டுகள் செத்ததுபோல் பொலபொலவென்று உதிர்ந்தன. அடியில் தட்டு தயாராக இருந்தது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வேரில் முதல் வெட்டைப் போட்டாள்.