கிழிசலார் கிழிக்காத சட்டை

கிழிசலாருக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது கரண்ட் பில்லில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் கிழிசலார்தான். ஆணியே இல்லாத சுவரில்கூட அவர் சட்டைக்கென்று ஓர் ஆணி முளைத்துவிடும். கல்யாணத்தன்று புதுச்சட்டையோடு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்தபோது, முதுகுத் துணியில் பாதி நாற்காலியோடு தங்கிவிட்டது. பெண்ணின் அண்ணன் அன்றைக்குச் சுளித்த முகத்தை முழுசாக நிமிர்த்தப் பல வருஷம் ஆயிற்று. சரி, தொழிலாவது துணிக்கு அனுசரணையாக அமைந்ததா என்றால், மனிதர் பிளம்பர். தொட்டிக்கு அடியிலும் குழாய்களுக்கு நடுவிலும் ஊர்ந்து பிழைக்கிறவர்.

அவரை நம்பித்தான் ஒரு துணிக் கம்பெனி நடந்தது.

கம்பெனி அன்றைக்கு முகம் சுளித்த அந்த மச்சானுடையது. மாடியில் ஒரு ஹால், ஏழு தையல் மெஷின், நீள மேசையில் துணி வெட்டும் மாஸ்டர் ஒருவர். தைப்பது சட்டை மட்டும். விலை வைப்பது கிழிசலாரின் மனைவி. பக்கத்துக் கடை விலையைப் பார்த்து அதில் கொஞ்சம் குறைத்துப் போடுவதுதான் வியாபாரம் என்று மச்சான் நம்பியிருந்தார். தங்கை அதை ஒரே வாரத்தில் மாற்றினாள்.

“அவங்க விலைய நாம எதுக்குண்ணா பாக்கணும்? நம்ம சட்டை எத்தனை நாள் உழைக்குதோ, அதுக்குத்தான் காசு வாங்கணும்.”

“உழைக்கிறது நமக்கு எப்படிம்மா தெரியும்? ஜோசியமா பாக்க முடியும்?”

“ஜோசியம் எதுக்கு? வீட்டுல ஒருத்தரு இருக்காரே.”

இப்படித்தான் கிழிசலாரின் இருபது வருஷத்துக் கெட்ட பெயர் உத்தியோகமாயிற்று. புதிதாக எந்தச் சட்டை தைத்தாலும் முதல் சட்டை அவருக்கு. அதைப் போட்டுக்கொண்டு அவர் வழக்கம்போல வேலைக்குப் போவார். கிழிந்த அன்று மனைவி நோட்டில் எழுதுவாள்: எத்தனையாவது வாரம், முழங்கையா, கக்கமா, பாக்கெட்டா. அவர் உடம்பில் ஒரு வாரம் தாங்கினால் மற்றவர்கள் உடம்பில் இரண்டு மாதம் தாங்கும் என்பது அவள் கண்டறிந்த விகிதம். அந்த ஒரு வாரத்துக்கு நாலு டீயின் விலை. பத்து வாரம் தாங்கிய சட்டை நாற்பது டீ. டீ விலை ஏறினால் சட்டை விலையும் ஏறும். கேள்வி கேட்க ஆளில்லை. துணி, நூல், பட்டன், கூலி, வாடகை எல்லாம் சேர்ந்த செலவு அந்தத் தொகைக்குள் அடங்காவிட்டால் சட்டை விற்பனைக்குப் போகாது. தையலைப் பிரித்து மாஸ்டர் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மாஸ்டருக்குக் கிழிசலாரைக் கண்டால் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவரைப் பார்க்கிற பயம்.

அந்த வருஷம் மச்சான் ஒரு நீலத் துணியைக் கண்டு மயங்கி, ஹாலில் நடக்க வழியில்லாதபடி வாங்கி அடுக்கிவிட்டார். சட்டைக்கு அடக்கவிலையே முப்பத்தெட்டு டீ. முதல் சட்டையைக் கிழிசலார் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, சாவியைத் தேடிக்கொண்டிருந்த மனைவி போகிற போக்கில் சொன்னாள்:

“அட, எடுப்பா இருக்கே உங்களுக்கு.”

சொல்லிவிட்டுச் சாவியோடு போய்விட்டாள். அவர்தான் அங்கேயே நின்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய தோற்றத்தைப் பற்றி அவள் நல்லதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

அன்று முதல் அவர் புத்தி பிசகிவிட்டது. வேலைக்குப் போன வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, பாலிதீன் பையில் போட்டுக் கதவில் தொங்கவிட்டுவிட்டுப் பனியனோடு தொட்டிக்கு அடியில் புகுவார். முடிந்ததும் கைகால் கழுவி, தலை சீவி, மறுபடி மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வீடு திரும்புவார். வாசலில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்பார். அவள் மறுபடி எதுவும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

பதினாறு வாரம் ஆயிற்று. சட்டைக்கு ஒரு கீறல் இல்லை.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. “அறுபத்து நாலு டீ! மாப்பிள்ளையே கிழிக்க முடியாத சட்டைன்னு சொல்லியே வித்துடலாம்” என்று ஊரெல்லாம் பரப்பினார். சனிக்கிழமை விலைச்சீட்டு அச்சடிக்க ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை கிழிசலார் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டில் கழுவுதொட்டிக்கு அடியில் இருந்தார். மேலேயிருந்து டீச்சரின் குரல் இறங்கியது.

“உங்க மச்சான்கிட்ட நாலு நீலச் சட்டை சொல்லியிருக்கேன். பையனுக்கு மெக்கானிக் வேலை, எதைப் போட்டாலும் ஒரு மாசம்தான். விலை கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா நீங்க போட்டுப் பாத்ததாமே?”

“போட்டுத்தாங்க பாத்தேன்.”

“எங்கே போட்டீங்க? வந்ததிலேருந்து என் கதவுதான் போட்டுக்கிட்டிருக்கு.”

கிழிசலார் தலையை நிமிர்த்தினார். தொட்டி இடித்தது. அந்தச் சமயத்தில் அது நியாயமாகவே பட்டது.

சனிக்கிழமை காலை வெட்டுமேசையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். மனைவி நீலச் சட்டையை உள்வெளியாகத் திருப்பி வைத்துக்கொண்டு, திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கக்கத்துல ஒரு நூல் பிசிறல. காலர்ல அழுக்கு இல்ல. இத எப்பெப்ப போட்டீங்க?”

“வேலைக்குப் போறப்ப போட்டேன். வர்றப்ப போட்டேன்.”

“நடுவுல?”

“நடுவுல…” அவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கத்தரிக்கோலைப் பார்த்தார். “நடுவுல கதவுல தொங்குச்சு.”

“மாப்பிள்ளை!” என்று மச்சான் அலறினார். “இத்தனை வருஷம் கிழிச்சீங்களே, இந்த ஒரு சட்டையைக் கிழிக்க உங்களுக்கு என்ன கேடு?”

“எடுப்பா இருக்குன்னு சொன்னா.”

“யாரு?”

கிழிசலாரின் கண் தானாக மனைவி பக்கம் போயிற்று. ஏழு மெஷினும் ஒன்றாக நின்றன. மனைவி கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை மேசை முழுக்கத் தேட ஆரம்பித்தாள். அவளுடைய காது சிவந்ததை மாஸ்டர் மட்டும் பார்த்தார். பிழைக்கத் தெரிந்தவர், சிரிக்கவில்லை.

“சீட்டு அடிக்க வேணாம்ண்ணா” என்றாள் அவள், டேப் கிடைத்ததும். “மறுபடி போட்டுப் பாக்கணும்.”

“அதுவரைக்கும் துணிக்கு மேலயா படுத்துக்கறது?”

“படுத்துக்கோங்க. கதவு போட்ட சட்டைக்கு மனுஷங்ககிட்ட காசு வாங்க முடியாது.”

அதே துணியில் சேற்று நிறத்தில் ஒரே ஒரு பீஸ் வந்திருந்தது. மாஸ்டர் அதைத் தைத்தார். கிழிசலார் போட்டுக்கொண்டு வந்ததும் மனைவி தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

“கண்றாவியா இருக்கு” என்றாள். “ஈரம் ஊறின சுவர் மாதிரி இருக்கீங்க. போயிட்டு வாங்க.”

பதினோராவது வாரம் ஒரு குழாய்க் கிளிப்பில் முழங்கை போயிற்று. நாற்பத்து நாலு டீ. அடக்கம் போக ஆறு டீ மிச்சம். மச்சான் முகம் மறுபடி கல்யாண நாள் பதத்துக்குத் திரும்பியது. ஆனால் டீச்சர் நாலுக்குப் பதிலாக ஆறு வாங்கினார். “விலை குறைஞ்சிருக்கே, ஏன்?” என்று கேட்டார். “நம்ம வீட்டுக்காரர் இந்தத் தடவை நல்லா வேலை செஞ்சாரு” என்று மனைவி பதில் சொன்னாள்.

இப்போதெல்லாம் எந்தச் சட்டை பரீட்சைக்கு வந்தாலும் அவள் முதலில் வைவாள். அது நோட்டில் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. வசவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்றாக இருக்கிறதென்று கிழிசலார் தன்பாட்டுக்கு அர்த்தம் செய்துகொண்டு, தைரியமாகக் கிழித்துவிட்டு வருகிறார்.

அந்தப் பழைய நீலச் சட்டையை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளியே கிளம்பியபோது போட்டார். வாசலைத் தாண்டுவதற்குள் தாழ்ப்பாளில் மாட்டிப் பாக்கெட் கிழிந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஊசியை எடுத்துவந்து, அவர் உடம்பில் இருந்தபடியே தைத்தாள்.

“நோட்டுல எழுதலியா?” என்றார்.

“ஆடாம நில்லுங்க, குத்திடும்.”

எழுதவில்லை.