மருந்துக்கடைக்காரர் காது கொடுத்த கதை

"வாயைத் திறக்கவே வேணாம். ஆளு படியேறும்போதே அவங்க சங்கதி எனக்குத் தெரிஞ்சிடும்" என்று மருந்துக்கடைக்காரர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவந்தார். வெறும் பீற்றல் என்றும் தள்ளிவிட முடியாது. வந்தவர் இருமி முடிப்பதற்குள் இருமல் மருந்து மேஜைக்கு வந்துவிடும். வயிற்றுவலிக்காரர் சிலரும் அதையே வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்ட ஞானத்துக்கு ஒரு சான்றிதழ்தான் குறை. கல்லாவுக்கு மேலே அதை மாட்டச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டு, வார இறுதியில் நடக்கும் மனநல ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்தார். முதல் வீட்டுப்பாடம்: யாரையாவது பேசவைத்து, குறுக்கே பேசாமல் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து வர வேண்டும்.

"ப்பூ, இவ்வளவுதானா!"

வீட்டிலேயே ஆள் இருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்திருந்த தங்கை. மாமியார் சண்டைதான் என்று அவள் பெட்டியைக் கீழே வைக்குமுன்பே இவர் கண்டுபிடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவதாக மாப்பிள்ளைக்கு வாக்கும் கொடுத்தாயிற்று.

சனிக்கிழமை வகுப்பில், தங்கையைச் சம்மதிக்கவைத்து எடுத்த பதிவு ஓடியது. மருந்துக்கடைக்காரர் கைகட்டி, பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அது வந்து..."

"மாமியார்தானே? எந்த வீட்லதான் இல்ல?"

"அது இல்லண்ணே, அவரு..."

"மாப்பிள்ளை தங்கம்! நான் பேசிட்டேன், விடு."

"நான் சொல்றத..."

"எல்லாம் சரியாயிடும். அழாத."

அழாதே என்று சொன்னவர் காதில், அவள் அழுதது இப்போதுதான் விழுந்தது.

"சார், இதுல ஆலோசனை கேட்டு வந்தது அவங்களா, நீங்களா?" என்றாள், கூடப் படிக்கும் அழகுநிலையக்காரி. வகுப்பே சிரித்தது. பதிவு நிற்கவில்லை. கடைசியில் தங்கையின் குரல், கேட்டும் கேட்காமலும், "சரிண்ணே" என்றது.

சிரிப்பு அடங்கிப்போனது. மருந்துக்கடைக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தச் 'சரி'யை அவர் கடையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். வேண்டாத மருந்தை வாங்கிக்கொண்டு படியிறங்குகிறவர்கள் சொல்வது அது.

வீட்டில் தங்கை துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீ ஏம்மா வந்தே?"

"இதுவும் கிளாஸுக்காண்ணே?"

"இல்லம்மா. எனக்குத் தெரியல. அதான் கேக்கறேன்."

கையிலிருந்த துணியை அவள் பிரித்து, மறுபடி நிதானமாக மடித்தாள். அவருக்குத்தான் நாக்கு நுனிவரை என்னென்னவோ வந்தது, விழுங்கிக்கொண்டார். பிறகு, மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆரம்பித்தாள்.

அவர் கண்டுபிடித்து வைத்திருந்த எதுவும் அதில் இல்லை.