அடுத்த கூட்டம் வரை

கனகாம்பிகை கடையில் பால் வாங்கும்போது முன்வரிசைப் போத்தலைத் தொடமாட்டார். கையை உள்ளே விட்டுப் பின்வரிசையில் இருப்பதை இழுத்தெடுத்துத் திகதி பார்ப்பார். பிறகு முன்வரிசையின் திகதியையும் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவருடைய சந்தேகம் இன்னும் கூடும். லண்டனில் கிங்ஸ்பரிப் பகுதியில் ஒரு பாடசாலைச் சமையலறையில் அவருக்கு வேலை. அங்கும் அவர் முட்டைப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை.

“நான்தான் இவ திகதி பாக்காமல் எடுத்த ஒரே சாமான்” என்பார் கணவர் இராஜேந்திரன். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து, சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறேன் என்று தானாகவே காட்டிவிட்டுச் சாப்பிட உட்காருகிற மனிதர்.

கிங்ஸ்பரித் தமிழருக்குக் கனகாம்பிகையை வேறு விதமாகத் தெரியும். கம்பளக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கிய தமிழர் நலன்புரிச் சங்கத்தின் கூட்டங்களில் மூன்றாம் வரிசை ஓரக் கதிரை அவருடையது. தலைவர் எதை அறிவித்தாலும் அந்தக் கதிரையிலிருந்து ஒரு கை எழும்பும்.

“எந்தப் பிரிவிலை?”

அதாவது, சங்கத்தின் சட்டவிதிகளான யாப்பில் எந்தப் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது? தைப்பொங்கலுக்குக் கதிரை வாடகைக்கு எடுப்பதானாலும் அதே கேள்விதான். இளைஞர்கள் அவருக்குப் ‘பிரிவு அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியும். யார் வைத்தார்கள் என்பதில் ஒருவர் மேல் சந்தேகமும் இருந்தது.

இந்தப் பழக்கம் கொழும்பிலிருந்து வந்தது. எழுபத்தெட்டில் நாட்டுக்குப் புதிய அரசியல் யாப்பு வந்து, நிறைவேற்று அதிகாரம் ஒரே ஜனாதிபதியின் கையில் சேர்ந்தபோது, அவர் வெள்ளவத்தையில் புதுக் குடித்தனக்காரி. அதற்குப் பிறகு அவசரகாலச் சட்டம் வந்தது. ஒரு மாதத்துக்கு என்று சொல்லி வந்தது அடுத்த மாதமும் இருந்தது. எண்பத்துமூன்று ஜூலையில் வீடு எரிந்தபோது ஊரடங்கு எப்போது வரும் என்று தெருவே காத்திருந்தது. ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற நாட்டில், அந்தக் கையெழுத்து வரத் தாமதமானால் என்ன நடக்கும் என்பதைக் கனகாம்பிகை ஒரு சிங்களக் குடும்பத்தின் குளியலறையில் ஒளிந்திருந்து தெரிந்துகொண்டார்.

ஆகையால் சங்கத்தின் யாப்பில் பதினாலாம் பிரிவைக் கொண்டுவந்தவர் அவரே என்பதைக் கேட்டால் புதியவர்கள் நம்பமாட்டார்கள்.

எண்பத்துநான்கில் சங்கம் தொடங்கியபோது விமான நிலையத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தபடி இருந்தது. வந்திறங்கிய பெடியனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள், யாராவது சட்டத்தரணியோடு ஓடிவாருங்கள் என்று. குழுவில் எல்லோரும் ஷிப்ட்காரர்கள். ஒருவரைப் பிடித்தால் மற்றவர் நித்திரை. முதலாவது பொதுக்கூட்டத்திலேயே கனகாம்பிகை எழும்பினார். “ஆளை ஏத்தி அனுப்பின பிறகு கூட்டம் போட்டு என்னத்தைச் செய்யிறது?” என்று கேட்டார். அன்று எழுதப்பட்டது இது: ‘அவசர வேளையில் தலைவர் குழுவைக் கூட்டாமலே முடிவெடுக்கலாம். அம்முடிவு அடுத்த கூட்டம் வரை செல்லும்.’ எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பிரிவால் தப்பிய சிலர் இப்போது தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் கடை வைத்திருக்கிறார்கள்.

கூட்டத்தைக் கூட்டும் அதிகாரமும் தலைவருக்கே என்று ஐந்தாம் பிரிவு சொல்வதை அன்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பார்த்தவர் குகதாசன். ஹரோவில் இருக்கும் கணக்காளர், தொண்ணூற்றுநான்கில் தலைவரானார். நல்ல சட்டை, நல்ல தமிழ், எவரையும் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் பழக்கம். கனகாம்பிகைக்கு அந்த மூன்றுமே பிடிக்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு புதன்கிழமை. பின்னறையில் புதன்தோறும் உதவி மேசை போடுவது கனகாம்பிகையின் பொறுப்பு. புதிதாக வந்தவர்கள் உள்துறைக் கடிதங்களைக் கொண்டுவருவார்கள். அவர் வாசித்துச் சொல்வார், சட்டத்தரணியிடம் அனுப்புவார், உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகத்துக்கு அவர்களோடு போவார். அன்று படியேறி வந்தபோது பின்னறைக்குப் புதுப் பூட்டு. வெளியே சூசைதாசன் நின்றான். வந்து சில மாதங்களே ஆன மன்னார்க்காரன், தன் அகதி விசாரணைக்கு அழைத்திருந்த கடிதத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தான்.

“அக்கா, மேசை இனி இல்லையாம். தலைவர் சொன்னவர்.”

“எந்தப் பிரிவிலை?”

“அது எனக்குத் தெரியாதக்கா. எனக்கு அடுத்த கிழமை இன்ரவியூ.”

முன்னறையிலிருந்து குகதாசன் வந்தார். “அக்கா, சுகமே? கவுன்சில் பிள்ளையளுக்குக் கொம்பியூட்டர் தாறதெண்டு சொல்லுது. உடனை அறை காட்டச் சொல்லிச்சினம். அவசரம். பதினாலாம் பிரிவிலை முடிவெடுத்தனான்.”

“கொம்பியூட்டருக்கு என்ன அவசரம்? அதைத் திருப்பி அனுப்பினால் சாகுமே?”

“அடுத்த கூட்டம் வரைக்கும்தான் அக்கா.”

“அடுத்த கூட்டம் எப்ப?”

“கூட்டம் கூட்டேக்கை சொல்லுறன்.”

கனகாம்பிகை அவர் முகத்தையே பார்த்தார். இந்த வரியை அவர் வேறொரு நாட்டில் கேட்டிருந்தார்.

சூசைதாசனின் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்தே வாசித்துச் சொன்னார். அடுத்த புதனும் படிக்கட்டுத்தான். ஆட்கள் கூடினார்கள். கம்பளக் கடைக்காரர் வழி மறிக்கிறது என்று முறையிட்டார். குளிர் வந்தது. சிலர் வராமல் விட்டார்கள். வராமல் விட்ட ஒருத்தி உள்துறைக்கு ஒரு பதிலைக் காலம் பிந்தி அனுப்பி, இப்போது மேன்முறையீட்டுக்கு அலைகிறாள் என்று செய்தி வந்தது. அன்று கனகாம்பிகை வீட்டில் சமைக்கவில்லை.

அவருடைய சந்தேகங்கள் பெருகின. முதலில், பின்னறை ஏதோ வீடியோக் கடைக்கு வாடகைக்குப் போகிறது என்று நினைத்தார். கடைக்கே போய் விசாரித்தார்.

“அன்ரி, எனக்குக் கசெற் வைக்க இடம் தாராளமாக் காணும். வாற ஆக்கள்தான் காணாது” என்றான் கடைக்காரன்.

பிறகு, குகதாசனின் மைத்துனன் கொம்பியூட்டர் படிப்பிக்க வரப்போகிறான் என்று நினைத்தார். குகதாசனுக்கு மைத்துனனே இல்லை என்று தெரியவந்தபோது, “இல்லையெண்டு ஏன் இவ்வளவு வடிவாச் சொல்லுகினம்?” என்று கேட்டார்.

“இஞ்சாரும்” என்றார் இராஜேந்திரன். “அந்தாள் உண்மையாவே பிள்ளையளுக்கு நல்லது செய்யப் பாக்குதோ என்னவோ.”

“செய்யட்டும். கூட்டத்தைக் கூட்டிப்போட்டுச் செய்யட்டும். நல்லது செய்யிறவருக்கு எங்களைக் கேக்க என்ன பயம்?”

குகதாசன் வேறு ஒரு காரணத்தைச் செயலாளர் பியற்றிஸிடம் சொல்லியிருந்தார்: கவுன்சில் அதிகாரிகள் வரும்போது படியெல்லாம் அகதிகள் நின்றால் சங்கத்துக்கு மரியாதை இல்லை. பியற்றிஸ் பத்து வருடத்துக்கு முன் அதே படியில் நின்றவர். அவர் தலைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கனகாம்பிகையிடம் சொன்னார். கூட்டம் வைக்கும்படி உறுப்பினர்கள் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். குகதாசன் அன்போடு வாங்கி வைத்துக்கொண்டார். உறுப்பினர் கேட்டால் கூட்டம் வைக்கவேண்டும் என்று யாப்பில் ஒரு பிரிவும் இல்லை.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஆனந்தராஜா காலமானார். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், முன்னாள் தபால்காரர், எல்லோருடைய வீட்டு இலக்கமும் தெரிந்தவர். சங்கம் வழக்கப்படி இரங்கல் கூட்டம் வைத்தது. தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது: தலைமை, திரு. குகதாசன். முன்னறையில் படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, பின்னால் மேசையில் றோல்ஸும் வடையும். குழுவினர் அனைவரும் வந்திருந்தார்கள். கனகாம்பிகை மூன்றாம் வரிசை ஓரத்தில்.

குகதாசன் நன்றாகவே பேசினார். மௌன அஞ்சலி முடிந்தது. ஆனந்தராஜா மழையில் கடிதம் கொடுத்த கதையைச் சொல்லி ஒருவர் அழுதார். நன்றியுரையும் முடிந்தது. ஆட்கள் வடை இருந்த பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். குகதாசன் ஒலிவாங்கியை எடுத்தார். எத்தனையோ விழாக்களை முடித்து வைத்த வாய் தன்பாட்டில் ஓடியது.

“இத்துடன் இன்றைய கூட்டம் இனிதே நிறைவுபெறுகிறது.”

இரங்கல் கூட்டத்தில் ‘இனிதே’. யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள். குகதாசனின் காது சிவந்தது.

“மன்னிக்கவேணும். இனிதே இல்லை. நிறைவுபெறுகிறது.”

மூன்றாம் வரிசையில் கை எழும்பியது. இராஜேந்திரன் அந்தக் கையை இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

“தலைவர், இப்ப நிறைவுபெற்றது என்ன?”

“கூட்டம் அக்கா.”

“ஆர் கூட்டினது?”

“நான்தான். அக்கா, இது நேரமில்லை.”

“ஓம், தம்பி. நேரம் முடிஞ்சுதெண்டு நீங்கள் சொல்லுமட்டும் நான் வாய் திறக்கேல்லை. கூட்டம் முடிஞ்சுதெண்டால் பதினாலாம் பிரிவிலை எடுத்த முடிவும் முடிஞ்சுது. அடுத்த கூட்டம் வரைக்கும்தான் செல்லும்.”

“இது இரங்கல் கூட்டம். அது குழுக்கூட்டம்.”

“யாப்பிலை கூட்டம் எண்டுதான் கிடக்கு. எந்தக் கூட்டம் எண்டு கிடக்கே?”

“அதை எழுதுவிச்சதே நீங்கள்தானே அக்கா.”

“நான்தான். அவசரத்திலை எழுதினது.”

இப்போது இருமல் இல்லை, சிரிப்பே வந்தது. எல்லோரும் ஆனந்தராஜாவின் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அவர் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்:

“அவர் இருந்தால் எழும்பி நிண்டு கைதட்டியிருப்பார். குகதாசன், பின்னறைத் திறப்பைக் குடு ராசா. எல்லாரும் சாப்பிடட்டும்.”

குகதாசன் ஒலிவாங்கியை மேசையில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பூட்டின் திறப்பை எடுத்துப் பியற்றிஸிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியில் இராஜேந்திரன் கேட்டார்: “நீர் இதுக்காகத்தானே வந்தனீர்?” கனகாம்பிகை பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

பின்னறையில் மேசை திரும்ப வந்தது. கொம்பியூட்டர்கள் முன்னறை மூலைக்குப் போயின. பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அங்கே படித்தார்கள், ஒரு குறையும் வரவில்லை. சூசைதாசனுக்கு விசா கிடைத்தது. அவன் கொண்டுவந்த கேக்கைக் கனகாம்பிகை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அந்த வசந்தத்தில் குகதாசன் மறுபடி போட்டியிடவில்லை. பொதுக்கூட்டம் கனகாம்பிகையைத் தலைவராக்கியது. கொழும்பில் புதிய ஜனாதிபதி, நிறைவேற்று அதிகாரப் பதவியையே ஜூலைக்குள் ஒழிப்பதாகத் தேர்தலில் வாக்குக் கொடுத்திருந்த காலம் அது.

“அங்கை ஒழிக்கினமோ இல்லையோ, இஞ்சை பதினாலை ஒழிப்பம்” என்றார் ஒருவர் பின்வரிசையிலிருந்து.

“ஓம், ஒழிக்கத்தான் வேணும்” என்றார் புதிய தலைவர். “வசனம் யோசிச்சு எழுதவேணும். அடுத்த கூட்டத்திலை பாப்பம்.”

கோடையில் நடந்த கூட்டத்தில் நேரம் போதவில்லை. அதற்கடுத்தது விடுமுறைக்காலம். கொழும்பிலும் ஜூலை வந்து போனது; பதவி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஐப்பசியில் போருக்குத் தப்பி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. சனம் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்த செய்தியோடு, உறவைத் தேடுகிறவர்களும் புதிதாக வந்து இறங்கியவர்களும் கிங்ஸ்பரிப் படியில் நிரம்பினார்கள். பின்னறை போதவில்லை. கனகாம்பிகை ஒருவரையும் கேட்கவில்லை. முன்னறையில் நடந்த வீணை வகுப்பையும் கொம்பியூட்டர் வகுப்பையும் நிறுத்தினார், மேசைகளை இழுத்துப் போட்டார். பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர் கதவில் அறிவித்தலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அவர்களில் குகதாசனும் ஒருவர். மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்து, ஆட்களுக்கு நடுவே நின்று, கையை உயர்த்தினார்.

“எந்தப் பிரிவிலை அக்கா?”

“பதினாலு” என்றார் கனகாம்பிகை, கடிதத்திலிருந்து தலை தூக்காமல். பிறகு தூக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் குகதாசனைப் பார்த்தார். பால் போத்தலின் திகதியைப் பார்க்கும் பார்வைதான். இந்த முறை போத்தல் யார் என்பதில் அவருக்கே குழப்பம்.

“அடுத்த கூட்டம் எப்ப?” என்று குகதாசன் கேட்டார்.

“வாற ஞாயிறு.”

ஞாயிற்றுக்கிழமை அறை நிறைந்திருந்தது. முதலில் முன்னறையைப் புதியவர்களுக்கு விடுவது வாக்கெடுப்புக்கு வந்தது. பெற்றோர் உட்பட எல்லோரும் கை உயர்த்தினார்கள், குகதாசனும்தான். அடுத்தது பதினாலாம் பிரிவு. நீக்குவதற்கு எல்லாக் கைகளும் எழும்பின, ஒன்றைத் தவிர. தலைவரின் கை மேசையில் இருந்தது.

“நாளைக்கு எயார்போட்டிலை இருந்து போன் வந்தால்? ஆளை ஏத்திப்போடுவாங்கள்.”

“எனக்கு அடியுங்கோ” என்றார் குகதாசன். “பியற்றிஸ் அக்காவுக்கு அடியுங்கோ. போனிலை மூண்டு பேர் ஓம் எண்டால் காணும். அப்பிடியே எழுதுவம். ஒரு கிழமைக்குள்ளை குழு கூடவேணும், தலைவர் கூட்டாட்டிச் செயலாளர் கூட்டலாம்.”

பியற்றிஸ் எழுதத் தொடங்கினார். கனகாம்பிகை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொறும். அந்த மூண்டு பேரும் ஒரே வீட்டுக்காரரா இருந்தால்?”

இராஜேந்திரன் மூன்றாம் வரிசை ஓரத்திலிருந்து எழும்பினார். “நான் இந்தக் குழுவிலையே இல்லையப்பா.”

“இனிமேல் வந்தால்?”

குகதாசன் சிரித்துவிட்டார். “எழுதுங்கோ பியற்றிஸ் அக்கா. ‘ஒரே குடும்பத்தவர் அல்லாத மூவர்.’”

பியற்றிஸ் எழுதினார். கனகாம்பிகை அதைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு மேசையிலிருந்த கையை உயர்த்தினார், முழுவதும் அல்ல, தோள் மட்டத்துக்கு.