பண்ணைக்கு வேலைக்குப் போன தேனீக்கள்

பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எங்களைப் போன்ற இளவட்டங்களுக்கு அரசாங்கம் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்தியது. எங்கள் தெருவிலிருந்து நான் ஒருத்திதான் போனேன். முடிவில் ஆளுக்கொரு பெட்டி, உள்ளே ஒரு கூட்டம் தேனீ. சொல்லிக்கொடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: மழைக்காலத்துத் தேன் தேனீக்களின் சாப்பாடு, அதை எடுத்தால் சீனிப்பாகு வைக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டமாக ஓடிப்போய்விடும்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. எங்களுக்கென்று ஒரு தென்னங்கன்றுகூடக் கிடையாது, தோப்பெல்லாம் மிராசுதாருடையது. அந்தக் குறுவை அறுப்புக்குக் கூலி உயர்வு கேட்டுத் தெருவே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஆட்சி மாறியும் கூலி அளக்கும் மரக்கால் மாறவில்லையே என்று எல்லாருக்கும் ஆத்திரம். ஒருவரும் பண்ணைக்குள் கால் வைக்கவில்லை. என் தேனீக்கள் மட்டும் விடிந்ததும் மிராசுதார் தோப்புக்குப் போய்த் தென்னம்பாளையில் வேலை பார்த்துவிட்டு வந்தன.

“சங்கத்துல சொல்லி உன் கருங்காலிங்கள நிறுத்தணும்” என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். அடுப்பு எரியாத நாள்கள் கூடக்கூடக் கேலி நின்றுபோயிற்று.

பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்தாள். “கஞ்சி வெறும் தண்ணியா இருக்குன்னு புள்ள தொடமாட்டேங்குது. ஒரு கரண்டி தேன் குடேன்.”

“மழ புடிச்சிக்கிச்சுக்கா. அது பூச்சிக்குச் சாப்பாடு. எடுத்தா சீனிப்பாகு வைக்கணும்” என்று பாடம் ஒப்பித்தேன்.

அக்கா கோபப்படவில்லை. “அதுவும் சரிதான். பூச்சியாவது நல்லா இருக்கட்டும்” என்று போய்விட்டாள்.

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. என்ன ஜென்மம் நான் என்று என்னையே திட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். தேனை ஒரு சொட்டு விடாமல் வழித்து, அக்கா பிள்ளைக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். அவர்கள் விரலை நக்கிச் சிரித்தபோதும் எனக்கு மனசு ஆறவில்லை. பாகு வைக்கச் சீனிக்கு எங்கே போவேன்? அடைமழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன. நான்தான் விரட்டினேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

கூலி உயர்ந்தது, எல்லாரும் அறுப்பில் இறங்கினார்கள். அக்கா தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடையிலிருந்து நேராக என்னிடம் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அவள் வீட்டுச் சீனி முழுவதும் அதில் இருந்தது.

“அன்னிக்கு எம் புள்ள தின்னது அதுங்க சாப்பாடுல்ல? கரைச்சு வையி, பாவம்.”

பெட்டி காலி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், தன் பிள்ளையால்தான் போயிற்று என்று நினைத்துக்கொள்வாள். அவள் கண்ணெதிரே சீனியைக் கரைத்து, உள்ளே வைத்து மூடினேன்.

“வெளிய ஒண்ணையும் காணுமே?”

“உள்ளதான் இருக்குக்கா.”

“சாப்பிடட்டும்” என்றாள் அக்கா. அவள் இடுப்பிலிருந்த பிள்ளை பொட்டலக் காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, ஒட்டியிருந்த சீனியை நக்கிக்கொண்டிருந்தது.