பிளம்பரும் அவர் வயிற்று மாப்பிள்ளையும்

எந்தக் கழிவறைக்குள் நுழைந்தாலும் பிளம்பர் முதலில் குனிந்து, வாஷ்பேசினுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஈரம் தட்டினால் அதை மாட்டியவனின் பரம்பரையையே ஒருமுறை விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் சட்டையைத் தூக்கிச் சொந்த ஒழுகலைக் கவனிப்பார். விமான நிலையத்திலும் இதே ஒழுங்குதான். "இவ்வளவு பெரிய கட்டடம் கட்டத் தெரியுது, ஒரு நட்டை முடுக்கத் தெரியல" என்று முனகிக்கொண்டே வெளியே வந்தார்.

சொந்த ஒழுகல் என்பது இதுதான். குடலில் புற்று வந்து, மருத்துவர்கள் கொஞ்சத்தை வெட்டியெறிந்து, மிச்சத்தின் முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். அதன்மேல் ஒட்டிய பையில்தான் இப்போது எல்லாம் வந்து சேர்கிறது. ஆயுள் முழுக்க ஊரார் கழிவுக் குழாயைத் திருப்பிவிட்டவருக்கு ஆண்டவன் செய்த மரியாதை. அந்தச் சிவந்த முனைக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. "நெனச்ச நேரத்துக்கு வருவாரு. ஏன்னு கேக்க முடியாது. சத்தம் போட்டாலும் நாமதான் சிரிச்சுக்கிட்டு நிக்கணும்." மகளைக் கட்டிய நிஜ மாப்பிள்ளைக்கு இது தெரியாது. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அவர் என்பதால் தெரியாமல் இருப்பதே நல்லது.

சென்ற முறை, மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்டு, பாதுகாப்புச் சோதனை வரிசை வரைக்கும் போனார். முன்னால் நின்றவரின் வயிற்றைத் தடவிப் பார்ப்பதைக் கண்டதும், வீட்டில் கேஸை மூடவில்லை என்று சொல்லி வந்த வழியே திரும்பிவிட்டார். அன்று அவர் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. மகள், அப்பா பக்கத்தில் இல்லாமலேயே பிள்ளை பெற்றாள். "இந்தத் தடவையும் திரும்பிப் போனீங்கன்னா இனிமே கூப்பிட மாட்டேம்ப்பா" என்று போனில் சொன்னாள். அழாமல் சொன்னாள். அதனால்தான் அவர் மறுபடி பெட்டியைக் கட்டினார்.

ஆகவே ஏற்பாடுகள் பலமாக நடந்தன. கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று, பை ஒட்டும் வளையங்களை வீட்டிலேயே அளவாக வெட்டிக் கைப்பையில் அடுக்கினார். கழிவறைக்குப் பக்கத்து இருக்கையாகக் கேட்டு வாங்கினார். எல்லாம் நர்சம்மா சொன்னபடி. ஒன்றைத் தவிர. "பட்டினி கெடக்காதீங்க, காலி வயித்துலதான் காத்து ஜாஸ்தி" என்றதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தம்மாவுக்குப் படிப்பு இருக்கு, லைன் தெரியாது. மேல வால்வை மூடிட்டா கீழ எப்படி வரும்?" முந்தின நாள் மதியச் சாப்பாட்டோடு வால்வை மூடினார்.

"தண்ணி நின்னா குழாயில மொதல்ல காத்துதாங்க உறுமும்" என்றார் மனைவி. பிளம்பரோடு குடித்தனம் செய்தவர் அல்லவா. நீ சும்மா இரு என்று பதில் வந்தது.

பாதுகாப்புச் சோதனையில் அவருடைய முறை வந்தது. கையைத் தூக்கிக்கொண்டு கருவிக்குள் நின்றார். திரையில் வயிற்றுப் பக்கம் ஒரு மஞ்சள் கட்டம் தெரிந்தது. "இங்க என்ன சார் வச்சிருக்கீங்க?" என்று சோதனைக்காரர் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். பிளம்பர் வாயைத் திறப்பதற்குள் வயிற்று மாப்பிள்ளையே பதில் சொல்லிவிட்டார். நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவர் கழற்றுவதை நிறுத்தினார்.

பிளம்பரின் கண் தானாக வெளியேறும் வழியைத் தேடியது. அந்த வழியை மறித்துக்கொண்டு மனைவி நின்றிருந்தார்.

"கேஸை நான் மூடிட்டேங்க."

வேறு வழியில்லை. "வயித்துல பை சார். ஆபரேஷன்" என்றார் பிளம்பர்.

"சட்டை மேலயே நீங்களே ஒருவாட்டி தொடுங்க." தொட்டார். உள்ளங்கையை ஒரு துணித்துண்டால் துடைத்து, அதை வெடிமருந்து கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குக் காட்டிவிட்டு, "போங்க சார்" என்றார் சோதனைக்காரர். அவ்வளவுதான். இதற்குப் பயந்தா பேரனின் முதல் அழுகையைக் கோட்டைவிட்டோம் என்று அவருக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

விமானம் மேலே ஏறியதும் பை உப்பியது. கழிவறைக்குப் போய்க் காற்றை இறக்கிவிட்டு வந்தார். அங்கேயும் வாஷ்பேசினுக்கு அடியில் தடவிப் பார்த்திருக்கிறார். ஒழுகவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சாப்பாட்டு வண்டி வந்து நின்றது.

"அவருக்கு வேணாம்மா" என்றார் மனைவி, பணிப்பெண்ணிடம்.

பிளம்பர் மனைவியைத் தாண்டிக் கையை நீட்டித் தட்டை வாங்கினார். மூடியிருந்த தகட்டைக் கிழித்தார். பன்னைப் பிய்த்து, பெரிய பாதியை மனைவியின் தட்டில் வைத்துவிட்டு, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார்.