கேட்டுக்கு வெளியே இருந்து வரும் பந்து

ஹேக்ஷா பந்து போட ஓடத் தொடங்கும் இடம் மைதானத்தில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பேக்கரி வாசலில். கரீபியன் தீவான செயின்ட் வின்சென்ட்டில் எங்கள் ஊர் மைதானத்துக்கு வேலி கிடையாது. யாரும் இதைத் தப்பு என்று சொன்னதில்லை. அவன் கிளம்பியதும் வேன்காரர் டெல்பர்ட் பிரேக் போட்டு ஹாரன் அடிப்பார். பேட்ஸ்மேன் வாயிலிருக்கும் பொரித்த மீனை விழுங்கிவிட்டு நிமிர்வான். கொஞ்ச நேரத்தில் ஸ்டம்ப் பறக்கும். ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பந்து கொட்டாவி விட்டுக்கொண்டே போனது.

இருபத்தாறு வயதில் தீவு அணித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். இதை விட்டால் ஆயுசுக்கும் வாழைத்தார் சுமக்க வேண்டியதுதான். முதுகு ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தது. டெல்பர்ட்தான் வேனில் கூட்டிப் போனார்.

தலைநகர் மைதானத்துக்கு மதில் இருந்தது. மதிலில் கேட். கேட்டில் மிஸ் வெர்லின். சொந்தப் புருஷனையே டிக்கெட் இல்லாமல் உள்ளே விடாத மகராசி.

ஹேக்ஷா வெளியே போய், வேன் நின்ற இடத்திலிருந்து பந்தோடு பறந்து வந்தான்.

"நில்லுடா! டிக்கெட் எங்க?"

"ஆன்ட்டி, நான்தான் பவுலர்!"

"பவுலர்னா உள்ளதானே இருப்பான்?"

"ஓடி வர்றேன் ஆன்ட்டி!"

"டிக்கெட் இல்லாதவன் எல்லாம் ஓடித்தான்டா வருவான்."

வேறு வழியில்லாமல் உள்ளேயிருந்தே ஓடிப் போட்டான். போட்டதெல்லாம் எல்லைக்கோட்டுக்குப் போனது. ஒன்று மதிலையே தாண்டியது. தேர்வாளர் மிஸ்டர் பாலன்டைன் பேனாவை மூடினார். "இன்னும் ஒரு பந்துதான் மிச்சம். போட்டுட்டு வீட்டுக்குப் போப்பா."

பந்தை எடுக்க ஹேக்ஷாவே வெளியே போனான். அதைப் பேண்டில் துடைத்தான். பிறகு கண்ணைத் துடைத்தான்.

"அழுதா டிக்கெட் இலவசம்னு எங்கயும் எழுதல," என்றாள் மிஸ் வெர்லின். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். அப்புறம் கேட்டை முழுசாகத் திறந்து, தன் நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். "நான் பாத்ரூம் போறேன். நான் இல்லாதப்ப எவன் ஓடினா எனக்கென்ன?"

டெல்பர்ட் ஹாரன் அடித்தார்.

கேட் வழியாக ஒருவன் பாய்ந்து வருவதைக் கண்டு பேட்ஸ்மேன் யாரோ ரசிகன் என்று சிரித்தான். அப்புறம்தான் அவன் கையிலிருந்த பந்தைப் பார்த்து அவசரமாக மட்டையை ஊன்றினான். நடு ஸ்டம்ப் கீப்பரின் தலைக்கு மேலே போனது. மிஸ்டர் பாலன்டைன் பேனாவைத் திறந்தார்.

ஹேக்ஷா பல வருஷம் தீவுக்காக ஆடினான். அணி எங்கே போனாலும் மடக்கு நாற்காலியோடு மிஸ் வெர்லினும் போனாள். பார்படோஸ் விமான நிலையத்தில் அதிகாரி கேட்டான்:

"டீம்ல நீங்க என்னம்மா?"

"கேட்டைத் திறந்து வைக்கிறவ, தம்பி. உங்க ஆளுங்களை ஸ்டம்பைப் பத்திரமா பாத்துக்கச் சொல்லு."